நாலு கரைப் பிள்ளை

கடலுக்கு உரம் போடலாம் என்று உலகம் ஒப்புக்கொண்டு பல வருடங்கள் கழித்து, வங்கக் கடலைச் சுற்றியிருந்த அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரிச் சட்டத்தைக் கொண்டுவந்தன. தன் நாட்டுக் கடலில் எடுத்த அளவு எதையும், அது ஒரே ஓர் எண்ணாக இருந்தாலும், எந்த ஆய்வாளரும் எல்லைக்கு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் சிறை.

நாகப்பட்டினம் கடல் ஆய்வகத்தின் தலைவி பூங்கோதைக்கு அந்த உத்தரவு ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள். சற்றுநேரம் கழித்து மறுபடி எடுத்துப் படித்தாள். வரிகள் மாறியிருக்கவில்லை.

அவளுடைய பாதி ஆயுளின் வேலை அந்த ஒரு தாளில் நின்றுபோயிற்று. நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், சிட்டகாங், பர்மாவின் சித்வே என்று நான்கு கரைகளில் நான்கு சிறிய ஆய்வகங்கள். யாரிடமும் பெரிய கப்பல் இல்லை. ஒருவரிடம் இல்லாத கருவி இன்னொருவரிடம் இருக்கும். ஒருவர் மொண்டு வந்த கடல்நீரை இன்னொருவர் சோதித்துத் தருவார். யாழ்ப்பாணத்து மிதவை ஒன்று அறுந்து நாகூர்ப் பக்கம் கரை ஒதுங்கினால் பூங்கோதை அதைப் பழுதுபார்த்துத் திருப்பி அனுப்புவாள். காற்றிலிருந்து கடல் எவ்வளவு கரிமத்தை உறிஞ்சுகிறது, அதில் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது, எவ்வளவு திரும்பி மேலே வருகிறது என்று வங்கக் கடலின் மூச்சை முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

கடைசிக் கூட்டத்தில் நாலு முகங்களும் திரையில் தெரிந்தன.

"இனிமேல் உங்களோடு மழை வெயில் பற்றி மட்டும்தான் நான் பேச முடியும்," என்றாள் சிட்டகாங்கின் நஸ்ரின். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சித்வேயின் கோ நாய்ங் எப்போதும் அதிகம் பேசாதவர். அன்றைக்குக் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுத் திரையை அணைத்தார்.

யாழ்ப்பாணத்து மயூரதன் பூங்கோதைக்கு மட்டும் தமிழில் சொன்னார். "மழையையும் கவனமாய்க் கதையுங்கோ. எத்தினை மில்லிமீற்றர் எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டா, உள்ளுக்குத் தூக்கிப் போடுவினம்."

அன்று மாலை, நாகப்பட்டினத்தை ஒட்டிய மீனவர் ஊரான அக்கரைப்பேட்டையில் இருந்த வீட்டில் அவளுடைய தம்பி தணிகை கேட்டான். அவன் படகு உரிமையாளர் சங்கத் தலைவர் கலியமூர்த்தியின் விசைப்படகில் டிரைவர். "ஏன்க்கா, வயல்ல ஒரம் போட்டா பயிரு வருது. கடல்ல போட்டா பாசி வருது. இதுல என்னக்கா ரகசியம்?"

"பாசி வளரும்போது காத்துல உள்ள கரிமத்த இழுத்துக்குது. செத்து அடியில விழுந்தா கரிமமும் அதோட பொதஞ்சு போயிடுது. எந்த நாட்டுக் கடல்ல எவ்வளவு பொதஞ்சுதோ அந்த நாட்டுக்கு உலகச் சந்தையில அவ்வளவு வருமானம். அளவு வெளிய தெரிஞ்சா அடுத்த நாட்டுக்காரன் 'இது பொய்க் கணக்கு'ம்பான்."

"நல்ல காரியந்தானே? வெயில்கூட முன்ன மாதிரி கொளுத்தல."

"நல்ல காரியந்தான். ஆனா விழுற பாசி சும்மா கெடக்காது தணிகை, அழுகும். அழுகுறதுக்குத் தண்ணியில உள்ள ஆக்சிஜன் வேணும். நம்ம கடலுக்கு அடியில அது ஏற்கெனவே கம்மி. மொத்தமும் தீந்துச்சுன்னா, ஆக்சிஜன் இல்லாமலே வாழுற கிருமிங்க வேலைய எடுத்துக்கும். அதுங்க விடுற வாயு விஷம். ஒவ்வொரு நாடும் அளவாத்தான் ஒரம் போடுறேங்குது. நெசமாவே அளவாத்தான் போடுது. ஒரே சட்டியில நாலு பேரும் அளவா உப்புப் போட்டா?"

தணிகை சிரித்தான். "வாயில வைக்க முடியாது."

"அதச் சொல்றதுக்கு யாராவது முழுச் சட்டியையும் ருசி பாக்கணும். அதுக்குத்தான் இப்பத் தடை."

சொல்லி முடித்த பிறகும் அந்தச் சட்டி அவள் மனதை விட்டுப் போகவில்லை. பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மதியம், ஆய்வகத்து மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவள் நடுப்படியிலேயே நின்று மயூரதனைக் கூப்பிட்டாள்.

"மயூரதன், சட்டத்த நல்லாப் படிச்சீங்களா? 'அளவுகள்'னுதான் போட்டிருக்கு."

"ஓம். அதைத்தானே நாங்கள் அனுப்பிறது."

"அத அனுப்ப வேணாம். ஒரு பிள்ளைய அனுப்புவோம்."

"ஆரின்ர பிள்ளை?"

பூங்கோதை சிரித்துவிட்டாள். "தானாக் கத்துக்குற நிரல் ஒண்ண எழுதுறேன். ஒண்ணுமே தெரியாத பிள்ளை. மொதல்ல என் ஆய்வகத்துல உக்காந்து என் கடலப் படிக்கும். படிச்சு முடிச்சதும் அளவையெல்லாம் இங்கயே விட்டுட்டு, கத்துக்கிட்டத மட்டும் தலையில வச்சுக்கிட்டு உங்ககிட்ட வரும். நீங்க உங்க கடலச் சொல்லிக்குடுங்க. அப்புறம் நஸ்ரின், அப்புறம் கோ நாய்ங். சுத்தி முடிச்சுத் திரும்ப என்கிட்ட."

"பிள்ளையின்ர தலையைத் திறந்து பாத்தா எங்கட அளவு தெரியாதே?"

"தெரியாது. கேள்வித்தாள வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல சட்டம் போடலாம். படிச்ச பிள்ளை வெளிய போகக் கூடாதுன்னு போட முடியுமா?"

மயூரதன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. அந்த நாளிலிருந்து அதற்குப் 'பிள்ளை' என்றே பெயராயிற்று. நஸ்ரினும் கோ நாய்ங்கும்கூட அந்தத் தமிழ்ச் சொல்லையே அவரவர் நாக்குக்கு வந்தபடி சொன்னார்கள்.

ஒளித்துச் செய்ய நாலு பேருக்கும் மனமில்லை. அவரவர் நாட்டு அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். டெல்லியில் ஒரு சட்ட அதிகாரி மணிக்கணக்காகப் புரட்டிவிட்டு, "இதைத் தடுக்கிற வரி சட்டத்தில் இல்லை. அடுத்த திருத்தத்தில் எழுதிவிடுவோம்," என்று முகம் சுளிக்காமல் சொல்லி அனுப்பினார். திருத்தம் வரும்வரை பிள்ளை சுற்றலாம்.

திருத்தம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது; பிள்ளை மூன்று வருடம் சுற்றியது. வேறு யாராவது அந்த மூன்று வருடத்தைப் பார்த்திருந்தால் வியந்திருப்பார்கள். புயலில் சித்வே முழுக்க மின்சாரம் போனபோது, கோ நாய்ங் ஒரு அரிசி ஆலையில் ஜெனரேட்டரை இரவல் வாங்கித் தள்ளுவண்டியில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து பிள்ளையின் பாடத்தை முடித்தார். வெள்ளத்தில் தன் வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கிக் கிடந்த வாரத்தில்கூட நஸ்ரின் தன் முறையைத் தவறவிடவில்லை. இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. யாரும் யாரையும் சரிபார்க்க வழியில்லை. ஒருவர் தன் நாட்டுக்குச் சாதகமாகப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அந்தப் பொய்யைத்தான் கற்கும். மற்ற மூவருக்கும் அப்போது தெரியாது. பொய் சொல்ல நாலு பேருக்கும் மேலிடத்து நெருக்கடி இருந்தது. நாலு பேருமே உண்மையைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பூங்கோதைக்கு அது எப்படித் தெரியும் என்றால், பிள்ளை சொன்னது ஒவ்வொரு முறையும் அவளுடைய கடலில் அப்படியே நடந்தது.

மூன்றாம் வருடக் கோடையில், மீன்பிடித் தடைக்காலத்தின் பிற்பகுதியில், பிள்ளை வழக்கமில்லாத ஒன்றைச் சொன்னது.

ஆழத்தில் ஆக்சிஜன் அடியோடு தீர்ந்த நீர் மேடேறி வருகிறது. ஆனி பிறந்த முதல் வாரத்தில், காற்று அடங்கும் ஒரு பொழுதில், அது மேலே வந்து உடையும். இடம் மட்டும் சரியாகப் பிடிபடவில்லை. நாகப்பட்டினத்துக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில் எங்கோ.

"நீங்களும் பாத்தனீங்களே?" என்றார் மயூரதன். அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை.

"பாத்தேன். ஆனி பொறக்குறப்பதான் எங்களுக்குத் தடை முடியுது. எல்லா விசைப்படகும் ஒரே நாள்ல கெளம்பும்."

"எங்கட பக்கம் தடையே இல்லை. சின்ன ஃபைபர் போட்டில சனம் ஒவ்வொரு நாளும் போகுது." பெருமூச்சு விட்டார். "நான் முல்லைத்தீவுக்குப் போறன். மீனவர் சங்கத்தோடயும் தேவாலயப் பாதரோடயும் கதைச்சுப் பாக்கிறன். நீங்கள் அங்க பாருங்கோ."

மாவட்ட ஆட்சியர் இளைஞர், நல்லவர். பூங்கோதை சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "மேடம், ஒரே ஒரு ரீடிங் காட்டுங்க. ஆர்டர் போட்டுடறேன்."

"என் கடல் ரீடிங் சாதாரணமாத்தான் சார் இருக்கு."

"அப்புறம் எதை வச்சுச் சொல்றீங்க?"

"மத்த மூணு கடலையும் சேத்துப் பாத்துப் பிள்ளை சொல்லுது. அந்த அளவெல்லாம் எனக்கே தெரியாது. தெரிஞ்சா நான் ஜெயில்ல இருக்கணும்."

ஆட்சியர் மின்விசிறியைப் பார்த்தார். "ஆதாரம் இல்லாம தடைய நீட்டுனா உத்தரவோட என்னையும் சேத்து மாத்திடுவாங்க. படகு உரிமையாளர் சங்கம் தானா ஒத்துக்கிட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன். அவ்வளவுதான் மேடம் என்னால முடியும்."

சங்கத் தலைவர் கலியமூர்த்தியை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மாமா என்று கூப்பிடுவாள். துறைமுகத்து ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். படகுகளில் வலை ஏறிவிட்டது, டீசல் ரொப்பியாகிவிட்டது, ஐஸுக்குச் சொல்லியாகிவிட்டது. இரண்டு மாதம் வருமானமில்லாமல் இருந்தவர்கள் முன்னால் நின்று, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று அவள் கேட்டாள்.

"எங்கன்னு தெரியாதாம், என்னைக்குன்னு தெரியாதாம். வீட்டுக்குப் போம்மா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சிரிப்பு எழுந்தது. தணிகை அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கலியமூர்த்தி கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். "பாப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒன் தம்பி என் போட்டுல டிரைவரு. நாங்க கெளம்புறோம்னு வையி. அவன அனுப்புவியா?"

"மாட்டேன் மாமா. கால்ல விழுந்தாவது நிறுத்துவேன்."

அவர் அவளையே கொஞ்சநேரம் பார்த்தார். "அப்ப என் போட்டும் போகாது."

தலைவர் படகு போகாவிட்டால் மற்றவையும் போகாது. திட்டிக்கொண்டே கலைந்தார்கள்.

ஆனி பிறந்தது. கடல் எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று கிடந்தது. இப்படி ஒரு அமைதியான கடலை அடுத்த வருடம்வரை பார்க்க முடியாது என்று மீனவர்கள் வயிறெரிந்தார்கள். ஐஸ் உருகி ஓடியது. மீன் விற்கும் பெண்கள் ஆய்வக வாசலுக்கே வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். பூங்கோதை தினமும் காலையில் பிள்ளையைக் கேட்டாள். அது தன் சொல்லை மாற்றவில்லை.

வாரம் முடியப்போகிற சமயத்தில் ஒரு காலை மயூரதன் கூப்பிட்டார்.

"வந்திட்டுது, பூங்கோதை. முல்லைத்தீவுக்குக் கிழக்கால. கடல் முழுக்கப் பால் மாதிரி, பச்சையா. கூழ் முட்டை மணம் ஊருக்குள்ள வரைக்கும் அடிக்குது. கண்ணுக்கெட்டின தூரம் மீன் மல்லாந்து கிடக்குது. பறந்து போன பறவையள் கூட விழுந்து கிடக்குது."

"ஆளுங்க?"

"சனம் கேட்டுது. பாதர் கோயில்ல நிண்டு மணி அடிச்சுச் சொன்னவர். வள்ளம் எல்லாம் கரையில. ஆனா கள்ளப்பாடு எண்ட ஊரில அண்ணன் தம்பி ரெண்டு பேர், யூட்டும் அருள்தாசும். முதல் நாள் போட்ட வலையை விட மனமில்லை. எடுத்துக்கொண்டு உடன வந்திடுறம் எண்டு போனவை." நிறுத்தினார். "போட்டுக்குள்ள நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடந்தவை. வலை பாதி ஏத்தினபடி."

பூங்கோதை இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்தாள்.

நாகப்பட்டினத்துக் கடலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

அன்று பிற்பகல் தணிகை வந்தான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தினான். "அக்கா, முல்லைத்தீவுக்குக் கெழக்கன்னு சொல்றாங்களே. எந்த எடம்?"

அவள் சுவரிலிருந்த கடல் வரைபடத்தில் விரலை வைத்தாள். தணிகை பார்த்தான்.

"தடை முடிஞ்சு கெளம்புனா மொத வலைய நாங்க எங்க போடுவோம்னு ஒனக்குத் தெரியும்ல?"

நாகை ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நம் பக்கம் மீன் இல்லை. எல்லைக் கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கடலடி மேட்டில் இருட்டோடு வலையை இழுத்துவிட்டு விடியுமுன் திரும்புவார்கள். அங்குள்ள சின்ன வள்ளக்காரர்களின் வலைகள் அறுபட்டுப்போகும். அவர்கள் கடற்படைக்குச் சொல்வார்கள். படகுகள் பிடிபடும். மறுபடியும் போவார்கள்.

"எல்லாப் போட்டுமா?" என்றாள் பூங்கோதை.

"மொத நாளு எல்லாப் போட்டும்." தணிகை தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். ஒரு படகுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். அவள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போட மனம் வரவில்லை.

மறுநாள் ஏலக்கூடத்தில் மறுபடி கூட்டம். இந்த முறை தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கோடு வந்திருந்தார்கள். உரம் போடுவதையும் ஆய்வகங்களையும் மேற்பார்க்கும் கரிமக் கடல் வாரியத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"வந்துச்சு, எங்க வந்துச்சு? அவங்க கடல்ல வந்துச்சு!" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். "அங்க வந்ததுக்கு இங்க எதுக்கு எங்கள நிறுத்துனீங்க? நம்ம கடல்ல ஒரு நெத்திலி செத்துச்சா?"

"எங்க போட்டு நம்ம எல்லைக்குள்ளதானே மீன் புடிச்சிருக்கும்? எங்களுக்கு என்ன ஆயிருக்கும், சொல்லுங்க!"

கேமரா பூங்கோதையின் முகத்துக்கு நெருங்கி வந்தது. அவளிடம் பதில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் இந்தக் கூடம் அப்படியே அடங்கிப்போகும். ஆனால் அதைச் சொன்ன மறுநிமிடம் அது இரண்டு நாட்டுக்கும் போய்ச் சேரும். அக்கரைப்பேட்டைப் படகுகள் அத்தனையும் எல்லை தாண்டுகின்றன என்று, ஆய்வகத் தலைவியே, அந்த ஊர்க்காரியே சொன்னதாக ஆகும். படகுகளை முடக்குவார்கள். தணிகை மாதிரி ஆட்கள் சிறைக்குப் போவார்கள்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கத்திக்கொண்டிருந்தவர்களில் சிலரின் கண்கள் அவள் பார்வைபட்டதும் சட்டென்று நழுவின. முன்வரிசையில் கலியமூர்த்தி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடத்தச் சரியாச் சொல்ல முடியல," என்றாள் பூங்கோதை. "ஒங்க ஒரு வாரம் போனதுக்கு நான்தான் பொறுப்பு."

வாரியத்து அதிகாரி குறித்துக்கொண்டார். அந்த வாரமே அவளைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கி, விசாரணை முடியும்வரை ஆய்வகத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது.

மயூரதன் கேள்விப்பட்டுப் பதறினார். "அங்க சனத்துக்கு விளங்கேல்லையோ? உங்களாலதானே இஞ்ச ஊரே தப்பினது! நான் பேப்பரில எழுதுறன், பூங்கோதை."

"வேணாம்."

"ஏன் வேண்டாம்?"

"நான் சொல்லக் கூடாது, மயூரதன்."

அவர் வற்புறுத்தவில்லை. பிள்ளை பற்றிப் பேசினார். முல்லைத்தீவுக்குப் பிறகு கொழும்பிலும் டாக்காவிலும் உரத்தைக் குறைக்கும் பேச்சு தொடங்கியிருந்தது. பிள்ளை சொன்னதை இப்போது கேட்கிறார்கள். ஆனால் அடுத்த சுற்றில் நாகப்பட்டினத்துக் கடலைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. "ஒரு கண் குருடாய்ப் போச்சு," என்றார்.

வேலையில்லாத நாட்கள் நீளமாக இருந்தன. பூங்கோதை வீட்டில் பழைய கருவிகளைப் பிரித்துத் துடைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் கலியமூர்த்தி வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து முடித்தார்.

"அன்னைக்கு நீ சொல்லியிருக்கலாம் பாப்பா," என்றார் கடைசியில்.

"சொல்லி என்ன மாமா ஆகப் போகுது."

"நாலு தலைமுறையா இந்த ஊருல தலைவன் வீடு நாங்க. அன்னைக்கு எழுந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிச்சல் வரல." டம்ளரைத் தரையில் வைத்தார். "ஒன் கருவிய எங்க போட்டுல கட்டலாமா? அறுபது போட்டு இருக்கு. ஒன் ஆய்வகத்துக்கு இருந்தது ஒரு போட்டு."

பூங்கோதை நிமிர்ந்தாள்.

"ஆனா ஒண்ணு," என்று அவசரமாகச் சொன்னார். "எங்க போனோம், எங்க வலை போட்டோம்னு ஒரு பயலுக்கும் தெரியக் கூடாது. ஒனக்கும் தெரியக் கூடாது. அப்புடி ஒரு கருவி செய்ய முடியுமா?"

பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தாங்கள் நாலு பேரும் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தது வேறென்ன? ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள், அவளிடம் இருந்த பிள்ளையின் ஒரு நகல். படகு போகிற இடத்து நீரை அது படிக்கும். படித்ததும் அளவையும் இடத்தையும் அழித்துவிடும். கற்றதை மட்டும் வைத்துக்கொள்ளும். சட்டம் ஆய்வாளர்களைத்தான் தடுத்தது, மீனவர்களை அல்ல.

"ஆபத்துன்னா போட்டுலயே கத்துமா?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

"ஊருக்கே கேக்குற மாதிரி கத்தும் மாமா."

பெட்டிகள் செய்ய மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. தணிகைதான் ஒவ்வொரு படகாக ஏறிக் கட்டினான். தை பிறந்ததும் அறுபது படகுகள் கற்றதையும் சேர்த்துக்கொண்டு பிள்ளை யாழ்ப்பாணத்துக்குப் போனது.

மயூரதன் கூப்பிட்டபோது அவர் குரல் விசித்திரமாக இருந்தது. "பூங்கோதை, பிள்ளை நல்லா வளந்திட்டுது. உங்கட கடல் முழுக்கத் தெரியுது, சந்தோசம். ஆனா எங்கட முல்லைத்தீவு மேடு, கரைக்குக் கிட்ட உள்ள தண்ணி, அதெல்லாம் எனக்கே தெரியாத அளவுக்கு அதுக்குத் தெரியுது. நான் சொல்லிக்குடுக்கேல்லை. ஆர் சொல்லிக்குடுத்தது?"

பூங்கோதை கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

கம்பியில் காற்று இரைவதுபோல ஏதோ கேட்டது. பிறகு அவர் மெல்லச் சொன்னார். "விளங்குது. அண்டைக்கு நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை எண்டும் இப்பத்தான் விளங்குது." பிறகு, "எங்கட சனத்துக்கு இது தெரிஞ்சா என்னை வெட்டிப் போடுவினம். உங்கட றோலர் படகு வந்து இழுத்துக்கொண்டு போற வலையை அவை கடன்பட்டு வாங்கிறவை. யூட்டும் அருள்தாசும் அண்டைக்கு ஏன் வலையை எடுக்கப் போனவை எண்டு நினைக்கிறியள்? அதுக்கு முதல் வருசம் ரெண்டு தரம் வலை அறுபட்டுப் போச்சு அவைக்கு. இன்னொண்டு வாங்க வழியில்லை. அதாலதான் போனவை."

"மயூரதன்…"

"நான் ஆரிட்டயும் சொல்லமாட்டன். பிள்ளை வேணும், ரெண்டு பக்கத்துக்கும். ஆனா உங்கட ஆக்களிட்ட இதை மட்டும் சொல்லுங்கோ."

அவள் துறைமுகத்துக்குப் போய்க் கலியமூர்த்தியிடம் சொன்னாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை; மயூரதன் சொன்னதை அப்படியே சொன்னாள். கலியமூர்த்தி ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து கேட்டார்.

"அவங்க பேரு என்னென்ன?"

"யூட். தம்பி அருள்தாஸ்."

"யூட்டு. அருள்தாசு," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவள் திரும்பி வந்துவிட்டாள். தலைவர் சொன்னால் ஊர் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் வயிற்றுப்பாட்டை விடு என்று எந்தத் தலைவரும் சொல்லி அவள் பார்த்ததில்லை.

பிள்ளை சிட்டகாங்குக்கும் சித்வேக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு நாகப்பட்டினம் வந்தது. அறுபது படகுகளிலும் ஏறி இறங்கியது. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்தபோது மறுபடி யாழ்ப்பாணத்துக்குப் போனது.

இந்த முறை மயூரதன் எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "பூங்கோதை, மூண்டு தரம் பாத்திட்டன். உங்கட கடலைப் பற்றிப் பிள்ளை கனக்கப் படிச்சிருக்கு. நடுக்கடலைப் பற்றியும் படிச்சிருக்கு. எங்கட கரைக்குக் கிட்ட மட்டும்…" குரல் உடைந்தது. "ஒண்டுமே புதுசாய்ப் படிக்கேல்லை. போன முறை தெரிஞ்சதுதான் இப்பவும் தெரியுது. ஒரு சொட்டுக்கூட ஏறேல்லை."

பூங்கோதை போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். ஒரு பிள்ளை ஒன்றும் புதிதாகக் கற்காமல் வந்ததற்காக ஓர் ஆசிரியர் அழுவதை அவள் அதுவரை கேட்டதில்லை.

துறைமுகத்துக்கு நடந்தாள். படகுகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. கூடைகள் இறங்கின, பாதிக்கு மேல் காலி. ஏலம் கேட்க வந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். கலியமூர்த்தி எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று, ஐஸ் காசுகூட இந்தத் தடவை தேறாது என்று யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"என்ன பாப்பா? பிள்ளை என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

அவர் தலையை ஒருமுறை அசைத்தார். திரும்பி அடுத்த கூடையை எடைமேடையில் ஏற்றச் சொன்னார்.